புல் வெட்டும் மெசினும் பெற்றோலில் கலக்கும் ஒயிலும்

 

புல் வெட்டும் மெசினைத் தோளில் மாட்டி மலையில் வேலை செய்யும் தம்பி ஒருவர் கேட்டார்: "மோட்டார் சைக்கிளுக்கு வெறும் பெற்றோல்தானே அடிக்கிறோம், இதுக்கு மட்டும் ஏன் ஒயிலையும் கலக்கச் சொல்றாங்க?" நல்ல கேள்வி.

இப்போதுள்ள மோட்டார் சைக்கிள்கள் அநேகமாக ஃபோர் ஸ்ட்ரோக். அவற்றில் எஞ்சினுக்கு அடியில் ஒயில் தனியாக நிற்கும். நம்ம மெசின் டூ ஸ்ட்ரோக். அதற்கு அந்த ஒயில் தொட்டியே கிடையாது. பின்னே என்ன நடக்குது?

பிஸ்டன் மேலே போகும்போது இரண்டு வேலை ஒரே நேரத்தில் நடக்கிறது. மேலே உள்ள பெற்றோல் காற்றை நெருக்குகிறது. கீழ் அறைக்குள் புதுக் காற்றையும் பெற்றோலையும் உறிஞ்சுகிறது. பிளக் பொறி அடித்ததும் மேலே தீப்பற்றி, பிஸ்டனைக் கீழே தள்ளும். இறங்கும்போது முதலில் புகை வாசல் திறக்கும். பிறகு பக்க வாசல் திறந்து, கீழ் அறையில் இருந்த புதுக் கலவை மேலே பாய்ந்து பழைய புகையை வெளியே தள்ளும். ஒரு சுற்றுக்கு ஒரு தடவை தீ. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்குத்தான் ஒரு தடவை. சின்ன மெசினுக்கு இவ்வளவு பலம் வருவது அதனால்தான். புதுக் கலவையில் கொஞ்சம் எரியாமலே புகையோடு ஓடிப்போவதும் உண்டு, அது வீண்தான்.

ஆகவே பெற்றோல் போகும் வழியிலேதான் ஒயிலும் போய், பெயரிங்கையும் பிஸ்டனையும் நனைக்க வேண்டும். ஒயில் இல்லாத பெற்றோலை ஊற்றினால், கொஞ்ச நேரத்திலேயே சூடேறி பிஸ்டன் இறுகிவிடும். பிறகு பழி யார் தலையில் விழும்? மெசின் பிடித்தவர் தலையில்தானே!

அளவு மெசின் புத்தகத்தில் இருக்கும். 50க்கு 1 என்றால் 1 லீற்றருக்கு 20 மில்லி. 25க்கு 1 என்றால் 40 மில்லி. கண்ணளவு வேண்டாம். கூடினாலும் பிளக்கில் கரி பிடிக்கும். 2டி ஒயில்தான் ஊற்ற வேண்டும். லொறியில் இறக்கிய கறுத்த ஒயில் கூடவே கூடாது. ஃபோர் ஸ்ட்ரோக் புல் வெட்டும் மெசினும் உண்டு, அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கலக்கக் கூடாது, கேட்டுவிட்டு ஊற்றுங்கள்.

கலவையை வேறு கேனில் குலுக்கிக் கலந்து, மெசினை நிறுத்தி ஆறவிட்டு ஊற்றுங்கள். பக்கத்தில் பீடி வேண்டாம். கேனில் "ஒயில் கலந்தது" என்று எழுதி வையுங்கள், பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில்.

இப்போ பிளக்கைக் கழற்றிக் காட்டப் போகிறேன். பின்னால நிக்கிறவங்க முன்னுக்கு வாங்க.