விதியா, விபத்தா?



"எல்லாம் விதி" என்று சொல்லி அழுது ஓய்வது நம் வீடுகளில் நெடுநாளைய வழக்கம். அவ்வழக்கத்தை இன்று சற்றே ஆராய்வோம்.

தற்செயலுக்குக் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் ஓர் எடுத்துக்காட்டுத் தந்தார். செடி நடக் குழி தோண்டியவனுக்குப் புதையல் கிடைக்கிறது. அவன் அதற்காகத் தோண்டவில்லை. ஆகவே அது தற்செயல். ஆயினும், புதையல் தானே மண்ணுக்குள் போய்விடவில்லை என்பதை நாம் மறக்கலாகாது. காரணமின்றி எதுவும் தோன்றாது என்பது பௌத்தம். மணிமேகலையின் முப்பதாம் காதை அக்காரணத் தொடரைப் பன்னிரண்டு சார்புகளாக விரித்துரைக்கிறது. நம் நீலகிரியில் அத்வைதானந்த சபையை நிறுவிய பண்டிதர் அயோத்திதாசர், பின்னாளில், 1898இல், தழுவிய நெறியும் அதுவே.

இந்த அறிவைக் கொண்டு நம் மலையடிவாரத்தைப் பார்ப்போம். 2019 டிசம்பர் 2ஆம் நாள் விடியுமுன், மேட்டுப்பாளையம் நடூரில் ஏறத்தாழ 20 அடி உயரக் கற்சுவர் ஒன்று கனமழையில் சரிந்து வீடுகளின்மேல் விழுந்தது. உறங்கிக்கொண்டிருந்த நம் மக்கள் 17 பேர் மாண்டனர். மழை இயற்கை, ஐயமில்லை. ஆனால் சுவர் அத்தனை உயரம் எழுந்தது தற்செயலா? அதன் நிழலில் நம்மவர் குடியிருக்க நேர்ந்தது தற்செயலா? அச்சுவரைக் குறித்து முன்பே முறையிட்டதாக அவ்வூரார் கூறினர். அதன் பின்னும் அதை விதி என்போமா?

2009 நவம்பரில் நம் மாவட்டத்து நிலச்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மழை எல்லார்க்கும் பொதுவாகவே பெய்கிறது. இடர் மட்டும் சரிவின் விளிம்பில் வாழ்வோரை முதலில் தேடி வருகிறது.

எனினும் நாம் நடுநிலை தவறலாகாது. பாசி படர்ந்த பாதையில் குழந்தை வழுக்கி விழுந்தால் தாயைப் பழிப்பது கொடுமை. தற்செயலுக்கு ஆள் தேடுவது ஒரு பிழை. காரணமுள்ளதைத் தற்செயலென்று விட்டுவிடுவது அதனினும் பெரும் பிழை.

இளைஞர்களே! லைன் வீட்டின் பின்புற மண்மேட்டில் விரிசல் கண்டால், வடிகால் அடைபட்டிருந்தால், மனு எழுதுங்கள். நாள் குறிப்பிடுங்கள், ஒப்புகை பெறுங்கள், நகலைக் காத்து வையுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். எழுதியது சாட்சியாய் நிற்கும். 25 ஆண்டுகளாக இச்சங்கம் நமக்கு எழுத்தறிவித்த பயன்களுள் இதுவும் ஒன்றாகட்டும்.