கயிறு அறுவது எங்கே?

(சங்கத்தின் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரை)



இம்மேடையிலே பேசுவோர் சமயத்தைப் பற்றியோ கல்வியைப் பற்றியோ பேசுவது வழக்கம். நானோ கயிற்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "பல்கலைக்கழகம் போன பிள்ளைக்கு வேறு பொருள் கிடைக்கவில்லையா?" என்று பெரியோர்கள் எண்ணக்கூடும். ஒரு பிழையை ஒப்புக்கொள்ள வேண்டியிருப்பதனாலேயே இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

சென்ற ஆடி மாதம் நம் இளைஞர்கள் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை புறப்பட்டதை அறிவீர்கள். வழியில் இரவு தங்குவதற்குத் தொங்கு படுக்கைகளை எடுத்துச் சென்றோம். நம் வீடுகளில் குழந்தைக்குக் கட்டும் ஏணையை ஆள் படுக்குமளவு நீட்டினால் அதுவே தொங்கு படுக்கை. துணி மருதமுனைத் தறியில் நெய்தது. இரு தலைப்பிலும் பருத்திக் கயிறு. திருக்கோவிலில் தங்கிய இரவு கயிறொன்று அறுந்தது. பன்னிரண்டு வயதுத் தம்பி ஒருவன் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டான். உகந்தையைக் காணாமலே அவன் வீடு திரும்பினான்.

மார்கழி விடுமுறை முகாமில் அதே கயிறு என்னைத் தாங்கியது. ஆடியில் ஒரு சிறுவனைத் தாங்கவில்லை. காரணம், மழையில் நனைந்த கயிற்றைச் சாக்கில் திணித்துக் களஞ்சிய அறையின் சீமெந்துத் தரையிலே போட்டவன் நான். ஏழு மாதம் அது அங்கேயே கிடந்தது.

அறுந்த துண்டைச் சாய்ந்தமருதுக் கடற்கரையில் கரைவலை இழுக்கும் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். முகர்ந்து பார்த்தார். "தம்பி, இது மரத்தில அறுந்த கயிறு இல்ல. வீட்டுக்குள்ளயே அறுந்திட்டு" என்றார். பிறகு தம் தோணியைக் காட்டினார். கயிறு வளையத்தின் மேல் வளையமாக அடுக்கப்பட்டிருந்தது. கயிற்றின் ஒரு தலைப்பு கரையில் நிற்க, தோணி கடலுக்குள் போகப் போக மற்றது தானாக அவிழ்ந்து செல்ல வேண்டும். நடுவிலே சிக்கு விழுந்தால் பாடு கெடும். கால் மாட்டினால் ஆளுக்கே ஆபத்து. "நாளைக்குப் போட வேண்டிய மாதிரி இண்டைக்கே சுத்தி வைக்கணும்" என்றார் அந்தக் காக்கா.

மேற்கிந்தியத் தீவுகளின் பழங்குடி மக்கள் தொங்கு படுக்கையில் உறங்குவதை 1492 இல் அங்கு சென்ற கொலம்பசின் கூட்டத்தார் கண்டனர். பின்னர் அது ஐரோப்பியரின் கப்பல்களில் ஏறியது. அக்காலத்து ஆங்கிலேயப் போர்க்கப்பலில் மாலுமி ஒவ்வொருவனும் காலையில் தன் படுக்கையை இறுகச் சுருட்டிக் கட்டி, கப்பலின் மேல்விளிம்பு வலைகளில் அடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் இலக்கம் இருந்தது.

இந்தக் கயிறு சுமக்கும் பாரத்தையும் சிந்தியுங்கள். 60 கிலோ எடையுள்ளவர் படுக்கும்போது, கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சரிவாக இருந்தால் ஒவ்வொரு பக்கமும் 60 கிலோ பாரத்தைத் தாங்கும். படுக்கை தொய்யாதபடி இறுக்கிக் கட்டி, சரிவு 10 பாகையானால் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 170 கிலோ! பூஞ்சணம் தின்ற கயிறு இதை எப்படித் தாங்கும்?

ஆகவே நம் களஞ்சிய அறைக்குச் சில ஒழுங்குகளைக் கூறுகிறேன்.

முதலாவது, ஈரத்தோடு எதுவும் உள்ளே வரக்கூடாது. கடற்கரையில் பாவித்ததை நல்ல தண்ணீரில் அலசி உப்பையும் மணலையும் போக்கி, நிழலில் காற்றாட உலர்த்த வேண்டும். பருத்திக்கு ஈரம் பகை. நைலோனுக்குக் கடும் வெயில் பகை. தும்புக் கயிறு கடல்நீரைப் பொறுக்கும். ஆயினும் ஈரச்சாக்கில் அடைத்து வைக்கலாகாது.

இரண்டாவது, முடிச்சுகளை அவிழ்த்து, முறுக்கு விழாமல் வளையமாகச் சுருட்ட வேண்டும். மிஷன் பாடசாலையில் எங்கள் சாரண ஆசிரியர் முடிச்சுப் போடுவதைவிட அவிழ்ப்பதற்கே அதிக நேரம் செலவிட்டார். அதன் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை.

மூன்றாவது, ஒரு படுக்கைக்கு ஒரு துணிப்பை. துணி, மரத்தைச் சுற்றும் அகன்ற நாடா இரண்டு, கயிறு இரண்டு, கொளுக்கி இரண்டு, வெளியே இலக்கம். மெல்லிய கயிறு பட்டையை அறுக்குமாதலால் மரத்துக்கு நாடாவே தகும். பைகளைத் தரையில் போடாது வளையில் தொங்கவிட்டால் கறையானுக்கும் எலிக்கும் எளிதில் எட்டாது. மண்ணெண்ணெயும் பற்றரியும் அந்த அறையில் இருக்கவே கூடாது.

நான்காவது, எடுக்கும்போதும் வைக்கும்போதும் கயிற்றைக் கையால் முழு நீளமும் தடவிப் பார்த்து, கொப்பியில் ஒப்பமிட வேண்டும். நைந்த கயிற்றைப் "பிறகு உதவும்" என்று மூலையில் வைக்காதீர்கள். துண்டு துண்டாக வெட்டிவிடுங்கள். நீண்டிருந்தால் அறியாத பிள்ளை ஒன்று அதை எடுத்துக் கட்டிவிடும்.

சகோதரர்களே, யாத்திரை முடிந்து களைத்து வரும் மாலையில் கயிறு உலர்த்த யாருக்கும் மனம் வராது. எனக்கும் வரவில்லை. அந்த அரை மணி நேரச் சோம்பலுக்கு விலை கொடுத்தவன் நானல்லன்; வேறொரு வீட்டுப் பிள்ளை.

அத்தம்பி இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறான். கை குணமாகிவிட்டது. வருகிற ஆடியில் அவனும் வருவதாகச் சொல்கிறான். அவனுடைய படுக்கையை நானே கட்டுவேன். கயிற்றைத் தடவிப் பார்த்துக் கொப்பியில் ஒப்பமிடும் வேலையை அவனிடமே கொடுத்திருக்கிறேன்.