காட்டுச் சிங்கத்துக்கு இடம் எங்கே?

நம் பெங்களூரு பன்னேர்கட்டாவில் சிங்கம் பார்த்திருப்பீர்கள். அவை மனிதர் இரை போட்டு வளர்ப்பவை. நம் நாட்டில் காட்டுச் சிங்கம் குஜராத்தில் மட்டுமே உண்டு. ஒரு காலத்தில் பீகார் வரை திரிந்தது. வேட்டையாடினார்கள். காடுகள் வயல்களாயின. கடைசியில் கிர் காடு ஒன்றே மிஞ்சியது.

பாதுகாத்ததால் சிங்கங்கள் பெருகின. 2025 கணக்கெடுப்பில் 891. ஆனால் காடு பெருகவில்லையே! பாதிக்கும் மேல் கிர் சரணாலயத்துக்கு வெளியே வாழ்கின்றன. கிணற்றில் விழுகின்றன, ரயிலில் அடிபடுகின்றன.

ஒரே வீட்டில் பத்துக் குடும்பம் இருந்தால், ஒருவருக்கு வந்த காய்ச்சல் எல்லோருக்கும் பரவும் அல்லவா? 2018இல் கிர் காட்டில் நோய் பரவி, இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தன.

சில சிங்கங்களை மத்தியப் பிரதேசத்துக் குனோ காட்டுக்கு மாற்றும்படி 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதுவரை ஒன்றும் போகவில்லை. எண்ணிக்கை கூடினால் போதுமா? இடமும் வேண்டும்.