பக்குவமே!

நடுவர் அவர்களே, கிராமத்து மக்களை இவ்வளவு நேரம் சாதுவான தமிழில் திட்டித் தீர்த்த எதிரணி நண்பர்களே, வெள்ளகோவில் பெரியோர்களே, தாய்மார்களே!

கிராமத்து வாக்காளரின் கையை நகர்த்துவது பழக்கமா? பக்குவமா? பழக்கம்தான் என்று அடித்துச் சொன்னார் எதிரணிப் பேராசிரியை. "பங்காளி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம், மாமன் சொன்ன சின்னம், முந்தின நாள் ராத்திரி வந்த கவர்... இதுதாங்க கிராமம்" என்றார். நான் மறுக்கவில்லை. சாதி, சொந்தம், பணம், மூன்றும் ஊருக்குள் வருவது உண்மை. ஆனால் நடுவர் அவர்களே, அந்த அட்டை மறைப்புக்குப் பின்னால் எத்தனை பேர் போக முடியும்? ஒருத்தர்தானே! அங்கே மாமனும் கிடையாது, மச்சானும் கிடையாது.

எனக்குச் சொந்த ஊர் இங்கே பக்கத்தில்தான். எங்க அப்பிச்சி தேர்தலன்று காலையில் திண்ணையில் உட்கார்ந்து எல்லோருக்கும் சின்னம் சொல்லுவார். சாயங்காலம் அம்மிச்சியிடம் கேட்பார், "எதுக்குப் போட்டே?" "நீங்க சொன்னதுக்குத்தானுங்க" என்று அம்மிச்சி தலையை ஆட்டும். அப்பிச்சி காலமான பிறகு ஒருநாள் என்னிடம் மெதுவாகச் சொன்னது: "ஏங்கண்ணு, அவரு சொன்னதுக்கு ஒருக்காக்கூடப் போட்டதில்ல. தண்ணி கொண்டாந்து தர்றேன்னவனுக்குப் போட்டேன். தராதவனை அடுத்த தடவை மாத்திப் போட்டேன். கொடம் சுமந்தது நானா, அவரா?" (கைதட்டல்)

பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்காலின் கடைமடை இந்தப் பூமி. மேலே இருக்கிறவர்கள் பாய்ச்சியது போக மிச்சம்தான் நமக்கு வந்து சேரும். அந்த மண்ணில் குடம் சுமந்தவளுக்குத் தண்ணீர்தான் அரசியல். இது பழக்கமா, பக்குவமா?

அம்மிச்சி கதை வீட்டுக் கதை, ஆதாரம் என்ன என்பீர்கள். நாடறிந்த ஆதாரம் தருகிறேன். நொய்யலைத் தாண்டி வடக்கே போனால் மொடக்குறிச்சி. 1996 சட்டமன்றத் தேர்தலில் அந்த ஒரே தொகுதியில் நின்றவர்கள் 1,033 பேர்! பெரும்பாலும் விவசாயிகள். எங்கள் குறையை யாரும் கேட்கவில்லை என்று காட்ட ஆளாளுக்கு மனுத் தாக்கல் செய்தார்கள். டெபாசிட் அன்றைக்கு 250 ரூபாய். தேர்தலே தள்ளிப்போனது. வாக்குச்சீட்டு, சீட்டாக இல்லை, புத்தகமாகிவிட்டது! எனக்கு முனைவர் பட்டம் கொடுத்த ஆய்வேடு மாதிரி. ஒரே வித்தியாசம், அதை மக்கள் புரட்டிப் பார்த்தார்கள். (சிரிப்பு)

எண்ணிப் பார்த்தால், 88 வேட்பாளர்களுக்கு ஒரு வாக்குக்கூட இல்லை. பூஜ்யம்! எதிரணி சிரிக்கிறது. சிரிக்காதீர்கள், யோசியுங்கள். 88 பேரும் தனக்குத் தானே போட்டுக்கொள்ளவில்லை! சாவடிக்கே போகாதவர் சிலர் இருந்திருக்கலாம். போனவர் என்ன நினைத்திருப்பார்? 'மனு கொடுத்தது கோபத்தைச் சொல்ல. ஓட்டு, ஆளைத் தேர்ந்தெடுக்க. அது வேற, இது வேற' என்றுதானே? அத்தனை பெயர்களுக்கு நடுவே தேடிப் பிடித்து, சுப்புலட்சுமி ஜெகதீசனைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். அதற்குப் பெயர் பக்குவம்! அரசு என்ன செய்தது? அதே ஆண்டு சட்டத்தைத் திருத்திப் பொதுப் பிரிவினருக்கு டெபாசிட்டை 5,000 ரூபாயாக்கியது. சுயேச்சைக்கு முன்மொழியப் பத்துப் பேர் வேண்டும் என்றது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதைவிடக் கேள்வியின் விலையை ஏற்றுவது சுலபம்!

இனி உங்கள் ஊருக்கே வருகிறேன். நான் கட்சி பேசவில்லை, கணக்குப் பேசுகிறேன். வெள்ளகோவில் தனியே ஒரு தொகுதியாக இருந்தபோது 1996, 2001, 2006 மூன்று முறையும் மு.பெ.சாமிநாதனையே அனுப்பினீர்கள். 2001இல் மாநிலத்தில் அவர் கட்சி ஆட்சியை இழந்தது. நீங்கள் அவரை விடவில்லை. மறுசீரமைப்பில் தொகுதியின் பெயரே போய், காங்கேயத்தோடு சேர்ந்தீர்கள். 2011, 2016 இரண்டிலும் அங்கே இரட்டை இலை ஜெயித்தது. 2021இல் அதே சாமிநாதன் மீண்டும் ஜெயித்தார். "எல்லாம் அலை" என்பார் எதிரணித் தலைவர். ஐயா, 2001இல் அந்த அலை எந்தக் கரையில் ஒதுங்கியது? "அப்படியானால் அது பழக்கம்" என்பார். பழக்கம் என்றால் 2011இல் மாறியது எப்படி? ஒரு பக்கம் நில்லுங்கள் ஐயா! (கைதட்டல்)

ஒரே வீட்டில் அப்பாவுக்குத் தோட்டம், மூத்தவனுக்கு விசைத்தறி, மகளுக்குத் திருப்பூர் பனியன் கம்பெனி. அவருக்குத் தண்ணீர், இவனுக்குக் கரண்ட், அவளுக்கு ஷிப்ட் முடிந்து பத்திரமாக வீடு வந்து சேர வேண்டும். ஒரே அடுப்பு, மூன்று கணக்கு. சாதி பார்த்துப் போடுகிறவர் இல்லையா? இருக்கிறார். அவரையும் அடுத்த தடவை யோசிக்க வைப்பது அந்த வாய்க்காலும் அந்தத் தறியும்தான். வள்ளுவர் 'தெரிந்துதெளிதல்' என்று ஓர் அதிகாரமே வைத்தார். அதை ஏட்டில் படித்தவன் நான்; வயிற்றில் படித்தவர்கள் இவர்கள்.

மணி அடித்துவிட்டீர்கள். ஒரே ஓர் உண்மையைச் சொல்லி அமர்கிறேன். அப்பிச்சி திண்ணையில் சொன்ன சின்னத்துக்கு யோசிக்காமல் பல தேர்தல் குத்தியவன் ஒருவன் எங்கள் வீட்டில் உண்டு. எழுத்தே படிக்காத அம்மிச்சி அல்ல. டாக்டர் பட்டம் வாங்கிய நான்! பழக்கத்தைத் தேடுகிறவர்கள் கிராமத்துக்கு வர வேண்டாம், என்னைப் பாருங்கள். பக்குவம் குடம் சுமந்தவளிடம் இருந்தது.