தொலைதூரக் குறிக்கு எந்தத் துப்பாக்கி?



பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக வார இறுதிகளில் காகிதக் குறி சுட்டு வருகிறவன் நான். வேட்டைக்குப் போனதில்லை, பரிசுக் கோப்பை எதுவும் வீட்டில் இல்லை. ஆனாலும் பிளசன்டனில் எந்த விருந்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் தட்டோடு பக்கத்தில் வந்து நின்று மெதுவாகக் கேட்கிறார்: "சார், ஆயிரம் கஜம் சுடணும்னு ஆசை. கடையில கிடைக்கிறதுல எதை வாங்கலாம்?" ஆளுக்கு ஆள் தனியாகச் சொல்வதைவிட வானொலியில் ஒரு முறை சொல்லிவிடலாம் என்றுதான் இன்று இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

பெயர்ப் பட்டியலுக்குப் போகும் முன் ஒரு கேள்வி. துப்பாக்கி உங்கள் கையில் இருக்கலாமா?

எச்-1பி, எல்-1, எச்-4, எஃப்-1, சுற்றுலா விசா எல்லாம் குடியேற்றம் சாராத விசாக்கள். இவற்றில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்திய சட்டத்தின் 18-ஆம் தலைப்பு, 922-ஆம் பிரிவு தடை செய்கிறது. தண்டனை 15 ஆண்டுகள் வரை போகலாம். வாங்கினால்தான் குற்றம் என்று நினைக்க வேண்டாம். சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்துச் சுட்டாலும் வழக்கு வரும். மாணவர் விசாவில் வந்த ரெஹைஃப் என்பவர் ஃப்ளோரிடாவில் படிப்பிலிருந்து நீக்கப்பட்டு, விசா அந்தஸ்தை இழந்தபின், ஒரு சுடுதளத்துக்குப் போய்ச் சுட்டார். அதற்காகத் தண்டிக்கப்பட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2019-இல் அவருக்குச் சாதகமாக முடிந்தது. ஆனால் நீதிமன்றம் சொன்னது, தன் அந்தஸ்து இன்னதென்று அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை அரசு நிரூபிக்க வேண்டும் என்பதுதான். நம்மில் யாருக்கு நம் விசா அந்தஸ்து தெரியாது? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம்.

செல்லுபடியாகும் அமெரிக்க வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு இதில் விலக்கு உண்டு. கலிஃபோர்னியாவில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்து அதைப் பெறலாம். இருந்தாலும், பத்து வருடம் கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவர் ஒரு சனிக்கிழமைப் பொழுதுபோக்குக்காக அதைப் பணயம் வைக்கக் கூடாது. குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவையோ மச்சானையோ "வாங்க, ஒரு ரவுண்டு சுட்டுப் பாருங்க" என்று அழைத்துப் போவதும் இதே சிக்கல்தான்.

அதுவரை என்ன செய்வது? காற்றுத் துப்பாக்கி இருக்கிறது. மத்தியச் சட்டம் அதைத் துப்பாக்கி என்ற கணக்கிலேயே சேர்ப்பதில்லை. மட்டமான விளையாட்டு என்றும் நினைக்காதீர்கள். ஒலிம்பிக்ஸில் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிக் குறியின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டனில் வெண்கலம் வென்றது இதில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவுக்கும் பாரிஸுக்கும் போனதும் இதற்குத்தான். விசையை இழுக்கும் பழக்கமும் மூச்சைக் கட்டும் பழக்கமும் இதில் வந்துவிட்டால், பிறகு எந்தத் துப்பாக்கியிலும் கைகொடுக்கும்.

சட்டப்படி வாங்கக் கூடியவர்களுக்கு அடுத்த கேள்வி: எங்கே போய்ச் சுடப் போகிறீர்கள்?

ஓக்லண்ட் மலையில் அரை நூற்றாண்டுக்கு மேல் இயங்கிய சாபோ சுடுதளம் 2016-இல் மூடப்பட்டது. நம் பக்கத்தில் லிவர்மோர்-பிளசன்டன் ராட் அண்ட் கன் கிளப் இருக்கிறது. ஆனால் ஆயிரம் கஜம் வேண்டுமென்றால் ஐ-5 நெடுஞ்சாலையில் தெற்கே கோலிங்கா வரை போக வேண்டும். போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம். வேலையும், பிள்ளைகளின் பாட்டு வகுப்பும் நீச்சல் வகுப்பும் உள்ள குடும்பஸ்தர் வருடத்தில் எத்தனை முறை போவார்? மற்ற நாளெல்லாம் நீங்கள் சுடப் போவது 100, 200 கஜம்தான். வாங்கும் துப்பாக்கி அதற்கும் பயன்பட வேண்டும்.

இப்போது துல்லியம். விளம்பரங்களில் எம்.ஓ.ஏ. என்று ஒரு அளவு வரும். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு அது. 100 கஜத்தில் ஏறக்குறைய ஓர் அங்குலம், 1,000 கஜத்தில் பத்தரை அங்குலம். "முக்கால் எம்.ஓ.ஏ. உத்தரவாதம்" என்று சொன்னால், எத்தனை குண்டில் என்று கேளுங்கள். குண்டுகளின் எண்ணிக்கை கூடக் கூட, காகிதத்தில் அவை பரவும் அகலமும் கூடும். இது வெறும் புள்ளியியல். மூன்று குண்டுகளில் சராசரியாக முக்கால் அங்குலம் பிடிக்கும் துப்பாக்கி பத்துக் குண்டுகளில் சுமார் 1.2 அங்குலம் காட்டும். துப்பாக்கி கெட்டுவிடவில்லை. மூன்று குண்டு மாதிரி போதாது, அவ்வளவுதான். நம் கேட்போரில் பாதிப் பேர் மென்பொருள் சோதிப்பவர்கள், இதை நான் விளக்கத் தேவையில்லை.

சரி, ஒரு எம்.ஓ.ஏ. துப்பாக்கி மோசமா? எஃப்-கிளாஸ் என்ற போட்டியில் 1,000 கஜக் குறியின் பத்து மதிப்பெண் வளையம் 10 அங்குல விட்டம். ஆக, காற்றே இல்லாத நாளில் ஒரு எம்.ஓ.ஏ. துப்பாக்கி ஏறக்குறைய எல்லாக் குண்டுகளையும் அந்த வளையத்துக்குள் அல்லது விளிம்பில் போட்டுவிடும். ஆனால் காற்றில்லாத நாள் ஏது? ஆல்டமான்ட் கணவாயில் காற்றாலைகள் சுற்றுவதைத் தினமும் பார்க்கிறோம். மணிக்கு 10 மைல் பக்கக் காற்று, 6.5 க்ரீட்மூர் குண்டை ஆயிரம் கஜத்தில் சுமார் ஆறடி தள்ளும். காற்றை 2 மைல் தப்பாகக் கணித்தாலே ஓரடிக்கு மேல் விலகல், வளையத்துக்கு வெளியே. அரை எம்.ஓ.ஏ. துப்பாக்கிக்கு இரட்டிப்பு விலை கொடுத்துக் கிடைக்கும் இரண்டு மூன்று அங்குலத்தை அந்தக் காற்று ஒரு வீச்சில் தின்றுவிடும். காற்றைப் படிக்கும் கண் பயிற்சியில் வருவது. பயிற்சிக்குத் தோட்டா வேண்டும். அதனால் என் கட்சி இதுதான்: துப்பாக்கிக்குக் குறைவாகச் செலவழியுங்கள், தோட்டாவுக்கும் பயிற்சிக்கும் மிச்சம் வையுங்கள்.

எந்தத் தோட்டா என்பதில் பெரும்பாலும் இரண்டு பெயர்களைத்தான் கேட்பீர்கள். .308 வின்செஸ்டர் 1952-இல் வந்தது. 6.5 க்ரீட்மூரை 2007-இல் ஹார்னடி நிறுவனம் குறி சுடுவதற்கென்றே வடிவமைத்தது. ஆயிரம் கஜம் போவதற்குள் .308 குண்டு சுமார் 35 அடி கீழே இறங்கும், 6.5 சுமார் 26 அடி. மேலே சொன்ன காற்றில் .308 எட்டடிக்கு மேல் ஒதுங்கும். உதையும் 6.5-இல் குறைவு. ஆனால் .308 குழல் 5,000 குண்டு வரை உழைக்கும், 6.5 குழல் ஏறக்குறைய 2,500-இலிருந்து 3,000-இல் தேய்ந்துவிடும். எஃப்-டிஆர் பிரிவுப் போட்டியில் .308, .223 இரண்டுக்கு மட்டுமே அனுமதி. அதில் ஆசை இருந்தால் .308 வாங்குங்கள். இல்லையென்றால் 6.5.

போட்டித் தரத் தோட்டா ஒன்று ஒன்றரை டாலருக்குக் குறைந்து கிடைப்பது அரிது. 2,500 தோட்டாவுக்குக் கணக்குப் போடுங்கள், 3,750 டாலர். துப்பாக்கியின் விலையைத் தாண்டிவிட்டது. அதனால்தான் முதல் வருடம் .22 துப்பாக்கி வாங்குங்கள் என்று எல்லோருக்கும் சொல்கிறேன். அந்தச் சின்னக் குண்டை அதே 10 மைல் காற்று 100 கஜத்திலேயே சுமார் நாலு அங்குலம் தள்ளிவிடும். கோலிங்கா போகாமலே பக்கத்துச் சுடுதளத்தில், தோட்டாவுக்குச் சில காசுகளில் காற்றுப் பாடம் படிக்கலாம்.

பெரிய துப்பாக்கி வாங்கும் நாள் வரும்போது, 2015-இல் ரூகர் நிறுவனம் கொண்டுவந்த ப்ரிசிஷன் ரைஃபிளுக்கு நன்றி சொல்ல வேண்டும். முன்பு தனியாகச் சொல்லிச் செய்ய வேண்டியிருந்த வசதிகள் அதற்குப் பிறகு சாதாரண விலையில் கடைக்கே வந்தன. பின்லாந்தின் டிக்கா, ஸ்பெயினின் பெர்காரா, ஜப்பானின் ஹோவா, இந்த ஊர் சாவேஜ் எல்லாமே நல்ல பெயர் எடுத்தவை. அவற்றுக்குள் சண்டை மூட்ட நான் வரவில்லை. கடையில் கையில் எடுத்துப் பாருங்கள். கட்டையைத் தோளில் வைத்துக் கண்ணை மூடிக் கன்னத்தைச் சாய்த்து, பிறகு கண்ணைத் திறந்தால் ஸ்கோப்பின் நடு தெரிய வேண்டும். கழுத்தை நீட்டவோ சுருக்கவோ வேண்டியிருந்தால் கட்டை உங்களுக்குப் பொருந்தவில்லை. நம்மில் பலர் ஐந்தரை அடிக்காரர்கள். ஆறடி ஆளுக்கு வெட்டிய கட்டை நமக்கு நீளம். ஆகவே நீளமும் கன்ன உயரமும் மாற்றக்கூடிய கட்டையாகப் பாருங்கள். வலது கைக்காரருக்கு இடது கண் ஓங்கியிருப்பதும் உண்டு, அதையும் முன்பே சோதித்துக்கொள்ளுங்கள். விசை மெத்தென்று இழுபடாமல் பட்டென்று விட வேண்டும். 6.5 என்றால் குழலின் முறுக்கு எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று இருக்கட்டும்.

துப்பாக்கிக்குக் கொடுத்த அளவாவது ஸ்கோப்புக்குக் கொடுங்கள். யானை வாங்கியவர் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது. உருப்பெருக்கத்தைவிட, திருகைப் பத்துத் தடவை ஏற்றி இறக்கினாலும் பழைய இடத்துக்கே திரும்பி வருகிறதா என்பது முக்கியம்.

கலிஃபோர்னியா விதிகளையும் சொல்லிவிடுகிறேன். வயது 21. பாதுகாப்புச் சான்றிதழுக்கு 30 கேள்விகள், 23 சரியாக இருக்க வேண்டும். பின்னணிச் சோதனை, பத்து நாள் காத்திருப்பு. கடையில் விற்கும் பெட்டிகள் பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளக் கூடாது. 2024 ஜூலையிலிருந்து 11 சதவீத மாநிலத் தீர்வையும் உண்டு, பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, வீட்டில் இருப்பவர்களுக்காக. பெட்டகம் முதலில் வீட்டுக்கு வரட்டும், துப்பாக்கி பிறகு வரட்டும். தோட்டாவுக்குத் தனிப் பூட்டு. பிள்ளைகள் எடுக்கக்கூடிய இடத்தில் வைப்பது இங்கே குற்றம். உங்கள் பிள்ளை மட்டுமல்ல, விளையாட வரும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் இருக்கிறது. மனைவியோ கணவரோ வேண்டாம் என்றால் அந்தப் பேச்சு முடியும்வரை வாங்காதீர்கள். சுடுதளத்துக்குக் கொண்டுபோகும் பையை ஊருக்குப் போகும்போது எடுக்கவே எடுக்காதீர்கள். அடியில் கிடக்கும் ஒற்றைத் தோட்டா மீனம்பாக்கத்தில் அகப்பட்டால், உரிமம் இல்லாதவருக்கு அது 1959-ஆம் வருட ஆயுதச் சட்ட வழக்கு. விடுமுறை முழுவதும் காவல் நிலையம், நீதிமன்றம் என்று அலைய வேண்டியிருக்கும்.

அடுத்த விருந்தில் யாராவது கேட்டால், முதலில் விசா, பிறகு சுடுதளம், பிறகு .22 என்று நீங்களே சொல்லி அனுப்பலாம். மாடல் பெயர் வேண்டுமென்றால் மட்டும் என்னிடம் அனுப்புங்கள்.