வேம்பும் கொசுப் புழுவும்



கொசுவை விரட்ட வேப்பிலைப் புகை போட்ட பழக்கம் உங்களில் பலருக்கு இருக்கும். வேம்புக்கு அந்தக் குணம் உண்டு. வேப்பங்கொட்டையில் உள்ள அசாடிராக்டின் என்ற பொருள் கொசுப் புழுவைத் தோல் உரிக்க விடாது. புழு கொசுவாகாமலே செத்துவிடும்.

ஆனால் வெயில் பட்டால் அதன் வீரியம் சில நாளில் குறைந்துவிடும். வீட்டில் எடுக்கும் சாறு எவ்வளவு வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. ஆகவே அதை மட்டும் நம்பாதீர்கள். குடிக்கும் நீரில் வேப்பெண்ணெய் ஊற்றவே கூடாது. வயிற்றுக்குள் போனால் சிறு பிள்ளைகளுக்கு ஆபத்து.

டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு செகிஞ்சான் வயல்களைவிட நம் வீட்டைச் சுற்றித்தான் அதிகம் பிறக்கிறது: பூச்சட்டித் தட்டு, பழைய டயர், வாளி. முட்டை கொசுவாக 7 முதல் 10 நாளே போதும். வாரம் ஒரு முறை 10 நிமிடம் ஒதுக்கி, நீரைக் கொட்டி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். ஒட்டியிருக்கும் முட்டை காய்ந்தாலும் பல மாதம் உயிரோடு இருக்கும். கனமானதைத் தூக்கப் பிள்ளைகளை, பேரப்பிள்ளைகளைக் கூப்பிடுங்கள்.

கொட்ட முடியாத தொட்டியில் 10 லிட்டர் நீருக்கு 1 கிராம் அபேட் மருந்து போடுங்கள்.

காய்ச்சல் கண்டால் காத்திருக்காமல் கிளினிக்குக்குச் செல்லுங்கள்.