சமையலறைச் சிம்னியும் வீட்டுக் காப்பீடும்

(நம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் எனக்குக் கொடுத்திருப்பது பத்து நிமிடம். அடுத்து மெயின்டனன்ஸ் தொகையை உயர்த்துவது பற்றிய விவாதம் இருக்கிறது என்று எனக்கும் தெரியும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பணி ஓய்வு பெறும்வரை நான் காப்பீட்டுச் சர்வேயர். ஒரு வீட்டில் தீ விபத்து நடந்தால், மறுநாள் போய் என்ன எரிந்தது, எதனால் எரிந்தது, எவ்வளவு நஷ்டம் என்று கணக்கெடுப்பது என் வேலையாக இருந்தது. வீட்டுத் தீ என்று போன இடங்களில் பலவற்றில் நான் முதலில் நின்று பார்த்தது சமையலறையைத்தான்.

குளிர் நாடுகளில் வீட்டுக்குள் விறகு அடுப்பு எரிப்பார்கள். அதன் புகைபோக்கியின் உள்பக்கம் கரியும் தாரும் கலந்த ஒரு பொருள் படியும். கிரியோசோட் என்பார்கள். அது தீப்பிடித்தால் புகைபோக்கி முழுக்க எரிந்து கூரைக்குப் போய்விடும். ஜெர்மனியில் இதைத் துடைப்பது வீட்டுக்காரரின் விருப்பம் அல்ல, சட்டப்படி கட்டாயம். அந்தப் பகுதிக்கென்று பொறுப்பேற்ற புகைபோக்கித் தொழிலாளர் ஏழு ஆண்டுகளில் இரண்டு முறை வீட்டுக்கே வந்து அடுப்பையும் குழாயையும் ஆய்வு செய்வார். பிரிட்டனில் பல காப்பீட்டு நிறுவனங்கள் துடைத்ததற்கான சான்றிதழையும் கேட்கின்றன.

நம் வீடுகளில் விறகும் இல்லை, கரியும் இல்லை. ஆனால் தாளிப்பு இருக்கிறது, வடை, அப்பளம், பூரி இருக்கிறது. கிளம்பும் எண்ணெய்ப் புகை எல்லாம் சிம்னிக்குள் போகிறது. ஃபில்டரில் நிற்பது போக மீதி, ஃபேனிலும் குழாயிலும் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்கிறது. அங்கே கிரியோசோட் என்றால் இங்கே எண்ணெய்ப் பிசுக்கு. இரண்டும் எரியும் பொருள்தான். வித்தியாசம் ஒன்றே: நம்மைத் துடைக்கச் சொல்ல ஆள் இல்லை.

'என்னுடையது ஆட்டோ கிளீன் சிம்னி' என்று பலர் சொல்வீர்கள். பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு ஹீட்டர் சூடாகி, ஃபேனைச் சுற்றிப் படிந்த எண்ணெயை உருக்கிக் கீழே உள்ள சின்னக் கிண்ணத்தில் வடியவிடும். அவ்வளவுதான். குழாயை அது தொடுவதில்லை. அந்தக் கிண்ணத்தை யார் எடுத்துக் கொட்டுவது? நிரம்பி வழியும் கிண்ணம் அடுப்புக்கு நேர் மேலே தொங்கிக்கொண்டிருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். குழாயே இல்லாமல் கரி ஃபில்டர் வைத்த சிம்னிகளும் சில வீடுகளில் உண்டு. அந்தக் கரி ஃபில்டரைக் கழுவ முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

பேஃபிள் ஃபில்டரை நம் சமையலுக்கு மாதம் ஒரு முறையாவது வெந்நீரில் ஊறவைத்துக் கழுவ வேண்டும். பாத்திரம் கழுவும் சோப்பு போதும். காஸ்டிக் சோடா போடாதீர்கள், அலுமினிய வலையாக இருந்தால் அரித்துத் தின்றுவிடும். குழாயையும் ஃபேனையும் வருடத்துக்கு ஒரு முறை மெக்கானிக்கை வைத்துக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். தீபாவளிப் பலகாரத்துக்கு முன்னால் செய்தால் நல்லது. குழாய் வெளியே போகும் வாயையும் பார்க்கச் சொல்லுங்கள். நம் ஓடிஎஸ் பக்கம் புறாக்கள் எங்கெல்லாம் கூடு கட்டும் என்று உங்களுக்கே தெரியும். காய்ந்த குச்சியும் எண்ணெயும் ஒரே இடத்தில் சேர்ந்தால் அதுவே அடுப்பு.

ஒரு வீட்டுக் கதையைச் சொல்கிறேன். நம் ஊரில்தான், வேறொரு அடுக்ககம். வாணலியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கிறது. வாசலில் கூரியர். கையெழுத்துப் போட்டு, நாலு வார்த்தை பேசிவிட்டு அந்த அம்மா திரும்பும்போது வாணலியில் தீ. எண்ணெய் சுமார் 350 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நெருப்பு படாமலே தானாகப் பற்றிக்கொள்ளும். சிம்னி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தீயை அது மேலே இழுத்தது. ஃபில்டர் பற்றியது, குழாய் பற்றியது. பில்டர் போட்டிருந்தது பிவிசி குழாய். அது உருகி ஓடிஎஸ் வழியாகச் சொட்ட, கீழ்வீட்டு யுடிலிட்டியில் காய்ந்த துணியும், மேல்வீட்டு ஏசி யூனிட்டும் எரிந்தன. நல்லவேளை, யாருக்கும் காயம் இல்லை.

வாணலியில் தீ வந்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, எண்ணெய் தெறித்துத் தீ பரவும். அடுப்பை அணையுங்கள், சிம்னியை நிறுத்துங்கள், பெரிய தட்டாலோ மூடியாலோ வாணலியை மூடுங்கள், ஆறும்வரை திறக்காதீர்கள். கை வைக்க முடியாத அளவுக்கு எரிந்தால் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து 101க்கு அழையுங்கள். ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். எண்ணெய்த் தீ என்றால்தான் சிம்னியை நிறுத்துவது. தீ இல்லாமல் கேஸ் வாசனை மட்டும் வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடக்கூடாது, போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906க்கு அழையுங்கள்.

இப்போது அந்த வீட்டின் காப்பீட்டுக்கு வருகிறேன். வீட்டுக்காரர் என்னிடம் மூன்று விஷயம் சொன்னார். மூன்றும் நம்மில் பலர் நம்புவதுதான்.

முதலாவது, 'லோன் வாங்கும்போதே இன்சூரன்ஸ் எடுத்துவிட்டேன்.' எடுத்துப் பார்த்தால் அது ஆயுள் காப்பீடு. அவர் இறந்தால் கடன் அடையும், வீடு எரிந்தால் ஒன்றும் வராது. உங்கள் ஃபைலையும் ஒரு முறை பிரித்துப் பாருங்கள். சிலருக்கு உண்மையிலேயே வீட்டுப் பாலிசியாக இருக்கும், ஆனால் அதன் காலம் முடிந்திருக்கும்.

இரண்டாவது, 'கேஸ் கம்பெனி தரும்.' எண்ணெய் நிறுவனங்கள் வாடிக்கையாளர்களுக்காக ஒரு காப்பீடு வைத்திருப்பது உண்மை. ஆனால் விபத்துக்கு மூல காரணம் சமையல் எரிவாயுவாக இருந்தால்தான் அது பொருந்தும். வாணலி எண்ணெய் பற்றியதற்கு அது வராது. பொருந்தும் இடத்திலும் சொத்துச் சேதத்துக்கு வரம்பு 2 லட்சம் ரூபாய்தான், அதுவும் கேஸ் புத்தகத்தில் பதிவான முகவரியில் நடந்திருக்க வேண்டும். வீடு மாறி வந்தும் பழைய முகவரியிலேயே கனெக்‌ஷன் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். ரப்பர் டியூபில் அச்சிட்டிருக்கும் தேதியையும் பாருங்கள்.

மூன்றாவது, 'அசோசியேஷன் பாலிசி இருக்கிறதே.' நம் சங்கத்தின் பாலிசியைப் படித்துவிட்டே வந்திருக்கிறேன். லிஃப்ட், ஜெனரேட்டர், பம்ப், கிளப் ஹவுஸ் எல்லாம் அதில் உண்டு. உங்கள் வீடு அதில் இல்லை.

அப்படியானால் எதை எடுப்பது? 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியை விற்கின்றன. தீ, வெடிப்பு, இடி மின்னல், புயல், வெள்ளம் எல்லாம் அடங்கும். கணக்கில்தான் ஆட்கள் தடுமாறுகிறார்கள். பாலிசிக்கு வேண்டியது வீட்டின் விலை அல்ல, திரும்பக் கட்டும் செலவு. 1,000 சதுர அடி கார்ப்பெட் ஏரியா, கட்டும் செலவு சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 25 லட்சம் போதும். யுடிஎஸ் நிலம் எரியாது, அதற்கு எதற்குப் பிரீமியம்? கட்டடத்தோடு சேர்த்து எடுத்தால் அந்தத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, வீட்டுப் பொருட்களுக்குத் தானாகவே உண்டு. இந்தக் கணக்கில் 5 லட்சம். போதாது என்றால் பட்டியல் கொடுத்துக் கூட்டலாம். நகைக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். ரொக்கத்துக்குக் கிடையாது. வாடகைக்கு இருப்பவர்கள் பொருட்களுக்கு மட்டும் எடுக்கலாம்.

ஷார்ட் சர்க்யூட்டில் சிம்னி மோட்டார் கருகினால், அந்தச் சிம்னிக்குப் பணம் வராது. அதிலிருந்து தீ பரவி மாடுலர் கிச்சன் எரிந்தால், கிச்சனுக்கு வரும். இன்னொன்று, அந்த வீட்டுக்காரரைப் பெரிதும் வருத்தியது. உங்கள் பாலிசி உங்கள் சொத்துக்குத்தான். மேல்வீட்டு ஏசிக்கும் கீழ்வீட்டுத் துணிக்கும் அது பதில் சொல்லாது. அந்த வீட்டுக்காரர்களுக்கும் பாலிசி இல்லை. பத்து வருடம் சேர்ந்து பொங்கல் வைத்த மூன்று குடும்பங்கள், பிறகு லிஃப்டில் பார்த்தாலும் பேசிக்கொள்ளவில்லை.

சிம்னியைத் துடைத்த ரசீது இல்லாததால் மட்டும் பணம் மறுத்ததை நான் பார்த்ததில்லை. ஆனால் சொத்தை நியாயமான கவனத்தோடு பாதுகாப்பது பாலிசிதாரரின் பொறுப்பு. கேள்வி வரும்போது தேதி போட்ட ஒரு பில் உங்கள் பக்கம் பேசும். வாட்ஸப்பில் போட்டோ எடுத்துத் தனக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள், காகிதம் வீட்டோடு எரிந்துவிடலாம். விபத்து நடந்துவிட்டால் உடனே நிறுவனத்துக்குச் சொல்லுங்கள், தீயணைப்புத் துறை அறிக்கைக்கு விண்ணப்பியுங்கள், சர்வேயர் பார்க்கும்வரை கருகிய பொருளைக் குப்பையில் போடாதீர்கள். வீடு அசிங்கமாக இருக்கிறதே என்று துடைத்துப் பெருக்கிவிட்டு என்னை வரவேற்றவர்கள் உண்டு. நான் எதைக் கணக்கெடுப்பேன்?

செயலாளரிடம் பேசியிருக்கிறேன். இரண்டு மெக்கானிக்குகளை வரவழைத்து, பிளாக் பிளாக்காக எல்லா வீட்டுக் குழாய்களையும் சுத்தம் செய்ய ஏற்பாடு. பிவிசி குழாய் இருக்கும் வீடுகளைக் குறித்து வைத்து, உலோகக் குழாய்க்கு மாற்ற எவ்வளவு ஆகும் என்றும் கேட்டுச் சொல்வார்கள். செக்யூரிட்டி மேஜையில் நோட்டு வைத்திருக்கிறது, பெயரும் ஃப்ளாட் எண்ணும் எழுதிவிட்டுப் போங்கள். பாலிசி காகிதம் புரியாதவர்கள் ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் சி பிளாக்கில் என் வீட்டுக்கு எடுத்து வாருங்கள், சேர்ந்து படிப்போம். காபி உண்டு. வடை கிடையாது, என் சிம்னி அன்று கழற்றிக் கிடக்கும்.